படம் திருப்பிக் கொடுத்த வீடுகள்

ஜூன் 9, 2025, திங்கள்

காலையிலேயே கோவையிலிருந்து மகள் போன். நேற்று ராத்திரி பிரதிலிபியில் ஏற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டாளாம். "முதல் பாராவுலயே ஆளைக் கொன்னுட்டீங்கப்பா. எந்த ஊரு, என்ன வயசு, எத்தனை ஏக்கர், எப்படிச் செத்தாரு, எல்லாம் அங்கயே வந்திருச்சு. மிச்சத்தை நான் எதுக்குப் படிக்கணும்?"

மார்க்வெஸ் ஒரு நாவலில் முதல் வாக்கியத்திலேயே நாயகன் கொல்லப்படப் போவதைச் சொல்லிவிடுகிறார், அவரும் என்னை மாதிரிப் பத்திரிகைக்காரர்தான் என்றேன்.

"அவர் மார்க்வெஸ்ப்பா" என்றாள்.

சரிதான். எனக்குப் பழகின முறை வேறு. முக்கியமானது எல்லாம் மேலே வந்துவிட வேண்டும். ராத்திரி பத்தரைக்கு ஒரு விளம்பரம் வந்து இடம் போனால், டெஸ்க்கில் இருப்பவர் படித்துப் பார்க்காமலே கீழேயிருந்து வெட்டுவார். அதனால் கடைசிப் பாராவில் யாரும் எதையும் வைக்க மாட்டோம். போலீசார் விசாரித்து வருகின்றனர், அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது, அவ்வளவுதான். கதையிலோ, வைக்க வேண்டியதைக் கீழேதான் வைக்க வேண்டியிருக்கிறது. யாரும் வெட்ட வரப்போவதில்லை என்பது மண்டைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

கொரோனா வருஷத்தில் பக்கங்கள் குறைந்தன, கூடவே நாங்களும் குறைந்தோம். அதற்கப்புறம்தான் இந்த எழுத்து. வீட்டில் இதற்குப் பெயர் 'அப்பாவோட செல்போன் வேலை.'

ஜூன் 10, செவ்வாய்

பழைய செய்திகளைத் தேடினேன். ஆபீஸ் கணினியிலிருந்து எடுத்து வைத்திருந்த கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கொக்கியும் கோடுமாக வருகிறது. அன்றைக்குப் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு வைத்திருந்தார்கள். யூனிகோடு வந்தபின் அந்த எழுத்துருக்கள் இல்லாமல் எதையும் படிக்க முடியவில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தேன். சிலது வந்தது. சிலதில் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

கட்டிங் நோட்டே மேல். மன்னார்குடியில் பகுதி நேர நிருபராக இருந்தபோது, வந்த செய்தியை எல்லாம் வெட்டி நீள நோட்டில் ஒட்டி, மாசக் கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்து, இத்தனை சென்டிமீட்டர் என்று பில் அனுப்ப வேண்டும். அளவுக்குத்தான் காசு. பசை காய்ந்து பல கட்டிங்குகள் உதிர்ந்துவிட்டன. ஆனால் 2003 ஜனவரி பத்திரமாக இருக்கிறது. 'சம்பா கருகியது: விவசாயி மாரடைப்பில் சாவு.' சிங்கிள் காலம். ஒரு கட்டைவிரல் உயரத்துக்கு அவர் படம்.

நான் இப்போது எழுதும் தொடர் அந்தப் படத்தைப் பற்றியதுதான்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். டிவியில் மலர் தூவுகிறார்கள், மதகு வழியாக நுரை வருகிறது. தஞ்சாவூர்க்காரனுக்கு இந்தத் தேதிக்கு மேல் ஒரு பண்டிகை கிடையாது.

டெஸ்க்குக்குப் போன பிறகு மேட்டூர் பாக்ஸ் பல வருஷம் என் பொறுப்பில் இருந்தது. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று நாலு வரி. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. ராத்திரி எந்தத் தலைவர் செத்தாலும், எந்த ஆட்சி கவிழ்ந்தாலும் அந்தப் பாக்ஸ் உண்டு. ஒரு நாள் விட்டுப் போனால் மறுநாள் காலையில் ஆபீஸ் போன் ஓயாது. மற்ற செய்திகளுக்கு அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு ஒரு கவிதை வந்தது:

அணையின் நீர்மட்டம் தினமும் எழுதினேன்,
அடிக் கணக்கில்.
வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு.
கடைமடையில் ஒருவர் கேட்டார்:
எங்க வாய்க்காலுக்கு
எத்தன விரக்கட?

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இது கவிதையா, குறைதீர்க்கும் நாள்ல குடுக்கற மனுவா?" என்றாள். இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தினவள். அவள் சொன்னால் யோசிக்க வேண்டும். யோசித்தேன். மனுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஏற்றிவிட்டேன்.

ஜூன் 14, சனி

படத்தைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். அத்தியாயத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் வாய் வழியாகச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் நடந்தது நடந்தபடி ஒரு தடவை இங்கே.

நிருபர் வேலையிலேயே கூச்சமானது, இழவு வீட்டில் போய்ப் படம் கேட்பது. செல்போனில் எடுத்து அனுப்பும் காலம் அப்போது வரவில்லை. வீட்டில் இருக்கும் படத்தையே வாங்கி, செய்தியோடு கவரில் போட்டு, திருச்சி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். ஆபீஸ் பையன் பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வான். அங்கே ஸ்கேன் செய்தபின், ஞாபகம் இருந்தால் ரிட்டர்ன் கவரில் போடுவார்கள். நான் போன் போட்டு நச்சரித்து வரவழைத்துவிடுவேன். பெரும்பாலும் அந்த ஆளுக்கு உலகத்தில் இருந்ததே அந்த ஒரு படம்தான். கல்யாணத்துக்கு எடுத்தது இருக்காது. ரேஷன் கார்டுக்கோ, சங்கத்துக் கடனுக்கோ எடுத்ததாகத்தான் இருக்கும்.

2002-ல் ஜூன் 12 அணை திறக்கவில்லை. குறுவை போயிற்று. பின்னால் வந்த தண்ணீரை நம்பி விட்ட சம்பாவும் கருகிற்று. எலிக்கறி, கஞ்சித் தொட்டி என்று செய்தி வந்த நாட்கள். ஒரு விவசாயி செத்தால் அது வறட்சியாலா, வேறு காரணமா என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு தகராறு. அதிகாரிகள் ஒரு காரணம் சொல்வார்கள், சங்கத்துக்காரர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். நிவாரணம் அந்தக் காரணத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கோட்டூர் பக்கம் அந்த வீடு. குத்தகை மூன்று ஏக்கர். வயல் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ்புக்கிலிருந்து படத்தை அந்தம்மாவே உரித்துக் கொடுத்தார். பின்பக்கம் பாஸ்புக் தாள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

நாலைந்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். சிவப்புப் பென்சிலில் ஆபீஸில் ஏதோ கிறுக்கியிருந்தார்கள். "என்ன சார் எழுதிருக்கு?" ஊர்ப் பேரும், 'சிங்கிள் காலம்' என்றும் எழுதியிருந்தது. பேப்பரில் எவ்வளவு அகலத்துக்குப் போட வேண்டும் என்ற குறிப்பு என்றேன். "ஓ" என்று உள்ளே போய் நாலு சோற்றுப் பருக்கை எடுத்துவந்து, அங்கேயே உட்கார்ந்து பாஸ்புக்கில் பழைய இடத்தில் வைத்து அழுத்தி ஒட்டினார். பொறுமையாக, ஓரம் ஓரமாக. ஒட்டிக்கொண்டே சொன்னார்:

"சாவறதுக்கு மொத நாளு மன்னார்குடிக்குப் போயி சினிமா பாத்துட்டு வந்தாரு சார். அன்னிக்கு இதைச் சொன்னா நீங்க எழுதிப்புடுவீங்க. அதான் சொல்லல."

எழுதியிருப்பேன்தான். எழுதியிருந்தால், சினிமாவுக்குப் போகக் காசு இருந்தவனுக்கு என்ன வறட்சி என்று ஒரு தாசில்தார் கேட்டிருப்பார். அந்தம்மாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் நான் படம் திருப்பிக் கொடுக்கும் வீடுகளில் நோட்டை வெளியே எடுப்பதில்லை. முதல் தடவை போனால் கிடைப்பது செய்தி: வயது, ஏக்கர், ஆஸ்பத்திரி. இரண்டாம் தடவை, செய்தி வந்து முடிந்த பிறகு, கேட்காமலே சொல்வார்கள். தண்டவாளத்தில் விழுந்த பையன் அன்றைக்கு அப்பாவோடு சண்டை போட்டது, பாம்பு கடித்தவர் மந்திரிக்கப் போய் நேரத்தை விட்டது. இதெல்லாம் எந்தப் பேப்பருக்கும் வேண்டாம். எனக்குள் கிடந்தது. இப்போது கதை என்று நான் எழுதுவதெல்லாம் இந்த இரண்டாம் தடவைகள்தான்.

ஜூன் 15, ஞாயிறு

கரண்ட் இல்லை. வெயில். எழுதவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மன்னார்குடிக்குப் போய்வந்தேன். ஸ்டூடியோக்காரரைக் கதைசொல்லி ஆக்கியாகிவிட்டது, ஆனால் ஸ்டூடியோவில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது வாடிக்கையாளருக்குத் தெரிகிற அளவுதான். அந்தக் காலத்திலிருந்து நடத்துகிற ஒருவர் இன்னும் கடையில் உட்காருகிறார். "மறுபடி பேப்பர்ல சேந்துட்டீங்களா சார்?" என்றார். கதைக்காக என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

முன்பெல்லாம் நெகட்டிவ் மேலேயே கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்துக் குழியை, தழும்பை அடைப்பார்களாம். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம். இப்போது எல்லாம் போட்டோஷாப். இறந்தவர் படத்தைப் பெரிது பண்ண வருகிறவர்கள் அவருக்குக் கோட்டு கேட்பார்கள். வாழ்நாள் பூரா கோவணத்தோடும் துண்டோடும் இருந்தவருக்கும் கோட்டு, டை. அதற்கென்று கணினியில் ஒரு ஃபோல்டர். திறந்து காட்டினார். வரிசையாகக் கோட்டுகள், கறுப்பு, சாம்பல், பழுப்பு. ஒன்றுக்கும் தலையில்லை. பெண்களுக்கு என்றால் ஆரம், ஒட்டியாணம், பட்டுப் புடவை. "உசிரோட இருக்கயில வாங்கிக் குடுக்காததை எல்லாம் நாங்க போட்டுவிட்டுருவோம்" என்றார். இதைப் பல பேரிடம் சொல்லியிருப்பார் போல, சிரிப்புக்கு இடம் விட்டுத்தான் சொன்னார்.

அடுத்து சொன்னதில் அந்த இடைவெளி இல்லை. சில வீட்டில் படமே இருக்காது. செத்தபின், நாற்காலியில் சாத்தி உட்காரவைத்து எடுத்ததுதான் உண்டு. கண் மூடியிருக்கும். அப்போது அண்ணனையோ தம்பியையோ கடைக்கு வரச்சொல்லி உட்காரவைத்து, அவர் கண்ணைப் படமெடுத்து, இறந்தவர் முகத்தில் வைத்துவிடுவார்களாம். வீட்டில் மாலை போட்டுக் கும்பிடுவது அண்ணன் முகம், பார்ப்பது தம்பி கண். "அந்தத் தம்பி அதைத் தெனம் பாத்துக்கிட்டுல்ல சார் இருக்கணும்?"

இதை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்காது. கற்பனை இல்லாதவன் கதை எழுத வந்தால் இப்படி அலைய வேண்டியதுதான் என்று மனைவி சொல்வாள். அலைச்சல் பழகின சமாசாரம்.

திரும்பும்போது நீடாமங்கலம் வழியாக வந்தேன், வழக்கம்போல ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டைப் பற்றி நான் எழுதிய செய்திகளை அளந்தால் கேட்டு நீளத்துக்கு வரும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கோட்டு ஃபோல்டரை செல்போனில் குறித்துக்கொண்டேன். கேட் திறப்பதற்குள் ஒரு பக்கம் ஆகிவிட்டது.

ஜூன் 18, புதன்

அப்போது என்னோடு சுற்றிய போட்டோகிராபர் தம்பி போன் செய்தான். மன்னார்குடியிலேயே இருக்கிறான், இப்போது கல்யாண ஆர்டர். தொடரைப் படிக்கிறானாம். "அண்ணே, அது கோட்டூர் கேஸ்தானே? ஊர்ப் பேரை மாத்துனா எனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரிந்தால் இன்னும் நாலு பேருக்குத் தெரியும். அடுத்த அத்தியாயத்தில்தான் சினிமா வருகிறது. அது அந்தம்மா ஒரு நிருபரிடமிருந்து மறைத்து, படம் கொண்டுவந்தவனிடம் சொன்னது. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் தொல்லை.

பத்திரிகையிலிருந்து கதைக்குப் போனவர்கள் இங்கே நிறைய. பாரதி 1904-ல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்து ஆங்கிலத் தந்திகளை மொழிபெயர்த்தார். கல்கி திரு.வி.க.வின் நவசக்தியில் ஆரம்பித்தார். புதுமைப்பித்தன் தினமணியில் இருந்தார். கல்கியிடம் பத்திரிகை தெரியும், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாரக் கடைசியில் எங்கே நிறுத்தினால் அடுத்த இதழுக்கு ஆள் வருவான் என்று தெரிந்த கை அது. புதுமைப்பித்தனிடம் தேடினாலும் ஆபீஸ் வாடை அடிக்காது. ராத்திரி வேலையை முடித்துக்கொண்டு அதை எங்கே கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாரோ.

மார்க்வெஸ் செய்தது வேறு. 1955-ல் கடலில் தப்பிப் பிழைத்த மாலுமி ஒருவனின் கதையை எல் எஸ்பெக்டடோரில் 14 பகுதிகளாக எழுதினார். மாலுமியே 'நான்' என்று பேசுவதாக, அவன் பெயரிலேயே வந்தது. ஆனால் அவன் எதிரே உட்கார்ந்து சொன்னான், தெரிந்து சொன்னான். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாயிலிருந்து வந்தது அது.

அத்தியாயத்தை எழுதிவிட்டேன். ஏற்றவில்லை.

ஜூன் 21, சனி

கிண்டிலில் போட்ட பழைய தொகுப்புக்குப் பணம் வந்திருக்கிறது. அங்கே வாசகர் புரட்டிய பக்கத்துக்குக் காசு. இரண்டு டீ, இரண்டு வடைக்குப் போதும். அன்றைக்கு நான் எழுதிய நீளத்தை அளந்து கொடுத்தார்கள், இன்றைக்கு அவர்கள் படித்த நீளத்தை அளந்து கொடுக்கிறார்கள். இது கொஞ்சம் நியாயமாகத்தான் படுகிறது, தொகை தவிர.

எந்தப் பக்கத்தோடு நிறுத்தினார்கள் என்று யூகிக்க முடியுமா என்று மகளிடம் கேட்டேன். "தெரிஞ்சா தாங்க மாட்டீங்க" என்றாள்.

அந்த ஊர் டீக்கடைக்காரர் மூலம் நம்பர் பிடித்துவிட்டேன். அந்தம்மா இப்போது திருப்பூரில், மகனோடு. அவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். படம் கேட்டுப் போன அன்றைக்கு, ஐந்தாறு வயதில் திண்ணையில் உட்கார்ந்து என் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பையன் அவன்தான். விஷயத்தைச் சொன்னேன். "அம்மா படிக்க மாட்டாங்க சார். அனுப்புங்க, ஞாயித்துக்கெழம நான் படிச்சுக் காட்டுறேன்" என்றான். சங்கடமாகவும் பேசவில்லை, சந்தோஷமாகவும் பேசவில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அனுப்பியதும் இன்னொரு தடவை படித்தேன். கடைசிப் பாராவில் 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று ஒன்று தப்பித்து உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று ராத்திரி அந்தம்மாவே பேசினார்.

"படம் கொண்டாந்து குடுத்தீங்களே, அந்தப் பேப்பர்க்கார சார்தானே? நல்லாருக்கீங்களா?"

நலம் விசாரித்தோம். பேரன் பேத்திகளைச் சொன்னார். பிறகு, "பையன் படிச்சுக் காட்டுனான் சார். எல்லாம் சரிதான். சினிமாவுக்கு அவரு தனியாப் போனாருன்னு போட்டுருக்கீங்க."

"நீங்க அப்படித்தானம்மா சொன்னீங்க?"

"அப்புடித்தான் சொன்னேன். நானும் கூடத்தான் போனேன்."

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை.

"மாமியா உள்ளாறதான் படுத்துருந்துச்சு சார். அது காதுல விழுற மாதிரி எப்புடிச் சொல்றது? ரேஷன் கடையில மண்ணெண்ண ஊத்துறாங்க, வரிசையில நிக்கப் போறேன்னு சொல்லிட்டு, கேனைத் தூக்கிக்கிட்டு மேட்னிக்குப் போனேன். அவரு முன்னாடியே போயி டிக்கெட் எடுத்துக்கிட்டு நின்னாரு. கேனைக் காலுக்கடியில வச்சுக்கிட்டுத்தான் படம் பாத்தேன்."

என்ன படம் என்று கேட்டேன். அது ஞாபகமில்லையாம். இடைவேளையில் அவர் முறுக்கு வாங்கிவந்தாராம், அது ஞாபகமிருக்கிறதாம்.

"வெறும் கேனோட வீட்டுக்குப் போயி என்னம்மா சொன்னீங்க?"

"தீந்துபோச்சுன்னு சொன்னேன்" என்று சிரித்தார். "அந்த வருசம் எதைத் தீந்துபோச்சுன்னு சொன்னாலும் நம்புவாங்க சார்."

எழுதலாமா என்று நேராகவே கேட்டேன். மாமியார் போய்ப் பல வருஷம் ஆயிற்றாம். "பேரை மாத்திப்புடுங்க. ஊரை ஏன் மாத்துனீங்க? அவரு அந்த ஊர்தானே." பையன் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னான். அவனுக்கும் இந்த விஷயம் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியுமாம்.

இரண்டாம் தடவை போனால் எல்லாம் கிடைத்துவிடும் என்று பத்து நாளைக்கு முன்னால் இதே நோட்டில் எழுதியவன் நான். மூன்றாம் தடவைக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. இனி ஸ்டூடியோக்காரர் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கேன் அவருக்குத் தெரியாது. தலையில்லாத கோட்டுகளும் தம்பி கண்ணும் வேறொரு கதைக்குப் போகட்டும். இதை அந்தம்மாதான் சொல்ல வேண்டும், அதுவும் மாமியார் காதில் விழாத குரலில்.

ஜூன் 26, வியாழன்

ஏற்றிய அத்தியாயங்களை இறக்கிவிட்டேன். முதல் பாராவில் யாரும் சாகவில்லை. ஒருத்தி மண்ணெண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். மகளிடம் போனில் அதுமட்டும் படித்துக் காட்டினேன். "எங்க போறா?" என்று கேட்டாள். சொல்லவில்லை.

சாயங்காலம் போட்டோகிராபர் தம்பிக்குப் போன் போட்டேன். 2003 ஜனவரியில் மன்னார்குடியில் மேட்னி எத்தனை மணிக்கு, பெஞ்சு டிக்கெட் எவ்வளவு, கோட்டூர் பஸ் எப்போது.

"கதைதானேண்ணே? ஏதோ ஒரு ரேட்டைப் போட்டு எழுதுங்க. யாரு கேஸ் போடப் போறாங்க?"

தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர் யாராவது இன்னும் ஊரில் இருந்தால் நாளைக்குள் விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.